எதிர் நாற்காலி

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் உடம்பில் குறையொன்றும் இல்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் மருமகளும் சம்பந்தியம்மாவும் அப்படியே இருக்க வேண்டும். மனசு எப்படி இருக்கிறது என்பதைப் போகப் போகச் சொல்கிறேன். போனில் பேசினால் போதாதா, எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். நீ போனை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்துவிடுகிறாய், நான் இங்கே தும்மினால்கூட உன் மாமியார் அங்கிருந்து உடம்பைப் பாத்துக்கோங்க என்கிறார், அப்புறம் நான் எதைத்தான் பேசுவது. அதோடு, நம் வீட்டுச் சீட்டாட்டத்தில் நாம் சொல்லும் வார்த்தைகளையெல்லாம் எழுதி அனுப்பும்மா, அத்தை அட்டையில் எழுதி வச்சுக்கணும்னு ஆசைப்படறாங்க என்று மாமியாருக்காக நீயே கேட்டிருக்கிறாய். எழுதிக் கேட்டாய், எழுத்திலேயே வாங்கிக்கொள்.

வீட்டு விஷயம் முதலில். முழங்கால் வலி மாடிப்படி ஏறும்போது மட்டும்தான், இருபத்தொன்பது வருஷம் ஓடுகிற பஸ்ஸில் நின்றுகொண்டே டிக்கெட் கிழித்த கால், இதுகூட வலிக்காவிட்டால்தான் அதிசயம். உன் அப்பா கடையில் தையல் மெஷினின் பெல்ட் அறுந்து புதிது மாற்றினார், இப்போது அது போடுகிற சத்தத்தில் எதிர்க் கடை சலூன்காரர் ரேடியோவை அணைத்துவிட்டாராம். சமையலறைச் சுவரில் பழைய ஈரம் மறுபடி தெரிகிறது. உன் அக்காவும் மாப்பிள்ளையும் வாரா வாரம் ஞாயிற்றுக்கிழமை மதியம் வந்து போகிறார்கள், அவள் கொஞ்சம் இளைத்திருக்கிறாள், கேட்டால் நல்லாத்தாம்மா இருக்கேன் என்கிறாள். நீ கழுத்து வலிக்கிறது என்றாயே, அந்தக் கம்ப்யூட்டரை மடியில் வைத்துக்கொண்டு வேலை பார்ப்பதை விடு, கீழே இரண்டு தடிப் புத்தகத்தை வைத்து உயர்த்திக்கொள், வீட்டில்தான் உன் மாமியார் என்று ஒரு நூலகரே இருக்கிறாரே, புத்தகத்துக்கா பஞ்சம்.

சரி, வார்த்தைகளுக்கு வருகிறேன். துருப்பு, பிடி, வெட்டு, இறக்கு, கலைத்துப் போடு என்பதெல்லாம் ஊர் உலகத்துக்குப் பொதுவானவை, அவற்றை உன் அத்தை யாரிடமும் கேட்டுக்கொள்ளலாம். நம்முடையது வேறு. சீட்டுப் போட்டு முடிந்ததும் ஆட்டம் ஆரம்பம் என்பதற்கு நாம் டபுள் விசில் என்போம். இத்தனை எடுப்பேன் என்று கேள்வி கேட்கும் முறை வரும்போது வேண்டாம் என்று ஒதுங்குகிறவர் மற்ற வீடுகளில் பாஸ் என்பார், நம் வீட்டில் அடுத்த பஸ். இரண்டு முதல் ஆறு வரை உள்ள சின்னச் சீட்டுகள் சில்லறை. கேட்ட இனத்தைக் கையில் வைத்துக்கொண்டே இல்லை என்று வேறு சீட்டை இறக்குகிறவரின் கையை விரித்துக் காட்டச் சொல்வது செக்கிங், உன் அக்கா ஒருமுறை செக்கிங்கில் மாட்டி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. ஒரு பிடிகூட எடுக்காமல் தோற்ற ஜோடி ஷெட்டுக்குப் போன ஜோடி. கையில் ஒரு துருப்புக்கூட இல்லாதவன் வித்தவுட். அது உனக்காகவே வந்த வார்த்தை. எட்டு வயசில் முதல்முதலாக எங்களோடு ஆட உட்கார்ந்தபோது, டிக்கெட் வாங்காமல் ஏறி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிற ஆள் மாதிரியே நீ முகத்தை வைத்திருந்தாய், நான் சிரித்துவிட்டேன், டேய் நீ வித்தவுட்டா என்றேன். அந்த வார்த்தையைத்தான் மூன்று வாரத்துக்கு முன்னால் போனில் உன் மாமியார் வாயிலிருந்து கேட்டேன். தம்பி, இன்னைக்கு நான் வித்தவுட் என்று எவ்வளவு நிதானமாக, எவ்வளவு அழகாகச் சொல்கிறார். வாழ்நாளில் நெரிசல் பஸ்ஸில் ஒருநாள் தொங்கியிருப்பாரா, ஒரு செக்கிங் இன்ஸ்பெக்டரின் முகத்தைப் பார்த்திருப்பாரா, வித்தவுட்டாம். எனக்கு வயிறு எரிந்தது. சொல்வதற்கு வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் எரிந்தது எரிந்ததுதான்.

அவர் பாவம் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. சம்பந்தி போய் ஒரு வருஷம்தான் ஆகிறது, உங்களிடம் வந்த பிறகும் அறைக்குள்ளேயே கிடந்தார், நீ சீட்டுக்கட்டைக் கையில் கொடுத்த பிறகுதான் நாலு பேரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார் என்று மருமகள் என்னிடம் தனியாகச் சொன்னாள். கேட்டதும் கண் கலங்கிவிட்டது. போனை வைத்த அடுத்த நிமிஷம், அதற்கு என் வார்த்தைகள்தான் கிடைத்தனவா என்று தோன்றியது. ஒருவருக்காக இரக்கப்பட்டுக்கொண்டே அவர்மேல் பொறாமையும் பட முடியும் என்பது இந்த வயசில்தான் எனக்குத் தெரிகிறது. அவர் வித்தவுட் சொன்ன அன்றைக்கே, அடுத்த ஆட்டத்தை நான் பார்க்க வேண்டும் என்று நீ போனைத் தண்ணீர் ஜாடிமேல் சாய்த்து வைத்தாய். நீயும் அத்தையும் எதிரெதிரே, மருமகளும் அவள் தோழியும் மற்றொரு ஜோடி. ஆட்டம் முடிகிற நேரம், மிஞ்சியது இரண்டு பிடி. நீ உன் டம்ளரை விரலால் மெல்ல எதிர்ப்பக்கம் தள்ளினாய். நான் பார்த்தேன். உன் அத்தை அதை எடுத்துக் குடித்தார். அடுத்து அவர் கையிலிருந்து பெரிய துருப்பு இறங்கியது, நீங்கள் ஜெயித்தீர்கள், அவர் கை தட்டினார், உங்க பையன் ரொம்ப நல்லா ஆடறார் என்று என்னிடமே சொன்னார். எனக்கு முகத்தில் ஈயாடவில்லை. சிக்னல் சரியில்லை என்று சொல்லிப் போனை வைத்தேன், சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

டம்ளர் விஷயம் வார்த்தை இல்லை, அதனால் அது எந்த அட்டையிலும் ஏறக் கூடாது. எட்டு வயசில் தோற்றுத் தோற்று நீ அழுதபோது நான் உனக்கு மட்டும் சொல்லிக் கொடுத்தது. நான் டம்ளரைத் தள்ளினால் பெரிய துருப்பு உன்னிடம் இருக்கிறதா என்று கேட்கிறேன், இருந்தால் ஒரு வாய் குடி, இல்லாவிட்டால் தொடாதே. டிக்கெட் வாங்காமல் ஒருவரையும் இறங்க விடாத கண்டக்டர் சொந்த வீட்டில் செய்த திருட்டுத்தனம் அது ஒன்றுதான். நீ அழுகையை நிறுத்திய பிறகும் நாம் அதை நிறுத்தவில்லை, நீ வேலைக்குப் போகிற வரைக்கும் பதினாறு வருஷம் உன் அப்பாவையும் அக்காவையும் ஷெட்டுக்கு அனுப்பிக்கொண்டே இருந்தோம். இப்போது மூன்று வாரமாக எனக்கு ஒரே கேள்விதான். உன் அத்தை அன்றைக்குத் தாகத்துக்குக் குடித்தாரா, நீ சொல்லிக் கொடுத்துக் குடித்தாரா. இந்தக் குழப்பத்தில் நான் இருக்கும்போதுதான் உன் கடிதம் வருகிறது, லீவுக்கு எல்லோரும் சேர்ந்து வருகிறோம், நானும் அத்தையும் ஒரு ஜோடி, நீயும் அப்பாவும் ஒரு ஜோடி, ஜாலியா இருக்கும்மா என்று. உனக்கு ஜாலியாகத்தான் இருக்கும். என் எதிர் நாற்காலியில் நீ இல்லாமல் ஆறு வருஷமாக நான் சீட்டையே சரியாகப் பிடிக்கவில்லை, நீ அங்கே வேறொருவர் எதிரில் போய் உட்கார்ந்துகொண்டு என் வீட்டு மேசையிலும் அப்படியே உட்காரப் போகிறேன் என்கிறாய். உனக்குப் பதில் எழுதி நாலு தடவை கிழித்தேன். முதல் கடிதத்தில் வரவே வேண்டாம் என்றுகூட எழுதியிருந்தேன், நல்லவேளை தபாலில் போடவில்லை.

அப்புறம் ரோஷம் வந்தது. இந்த மனுஷனையாவது தேற்றிவிடலாம் என்று உன் அப்பாவை உட்கார வைத்து ஒரு வாரம் பழக்கினேன். உனக்குத் தெரியுமே, அவர் துணியை அளப்பது போல ஒவ்வொரு சீட்டையும் இரண்டு தரம் பார்ப்பார், பெரிய துருப்பை ஆரம்பத்திலேயே சில்லறைக்கு வெட்டி வீணாக்குவார். நான் கத்த, அவர் சரி சரி என்று தலையாட்ட, ஞாயிற்றுக்கிழமை வந்தது. அக்காவும் மாப்பிள்ளையும் ஒரு ஜோடி, நானும் அவரும் ஒரு ஜோடி. இஸ்பேட் துருப்பு. இரண்டு பிடி மிஞ்சியிருந்தது, என் கையில் ஒன்றும் உருப்படியாக இல்லை. பழக்கதோஷம், என் கை தானாக டம்ளரைத் தள்ளிவிட்டது. தள்ளிய பிறகுதான் எதிரில் இருப்பது நீ இல்லை என்று உறைத்தது. திரும்ப இழுக்கலாம் என்று பார்க்கிறேன், அதற்குள் உன் அப்பா டம்ளரை எடுத்து ஒரே ஒரு வாய் குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, ஒன்றும் நடக்காதது போலச் சீட்டைப் பார்க்கிறார். தாகமோ என்று நினைத்தேன். ஆனது ஆகட்டும் என்று ஆர்ட்டின் சில்லறை ஒன்றை இறக்கினேன். மாப்பிள்ளை ஆர்ட்டின் ஆஸைப் போட்டுவிட்டுச் சிரித்தார். உன் அப்பா அதன்மேல் இஸ்பேட் ஆஸைச் சத்தமில்லாமல் வைத்தார். உன் அக்கா எழுந்து நின்று, அப்பா, என்கூட ஆடினப்பல்லாம் இந்த ஆட்டத்த எங்கப்பா வச்சிருந்தீங்க என்று கேட்டாள். அவர் பிடியை அள்ளித் தன் பக்கம் வைத்துக்கொண்டார்.

அவர்கள் கிளம்பிய பிறகு சமையலறையில் டம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தவரிடம், எப்பத்துலேருந்து தெரியும் என்று கேட்டேன். அவனுக்கு எட்டு வயசு இருக்கும்போதே தெரியும், அந்த டம்ளர்ல தினம் தண்ணி ஊத்தி உன் கைப்பக்கமா வச்சது யாருன்னு நினைச்சே என்றார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. நினைத்துப் பார்த்தால் உண்மைதான், ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அவர்தான் தண்ணீர் கொண்டுவந்து வைப்பார், ஒருநாளும் அதிலிருந்து குடித்ததில்லை. ஏன் சொல்லல என்றேன். சொல்லியிருந்தா பையன் மறுபடி அழுவான், நீயும் ஆட்டத்த விட்டுருவே என்றார். டம்ளரைத் துடைத்துக் கவிழ்த்து வைத்துவிட்டு, ஆனா ஒவ்வொரு தடவையும் அது என் பக்கம் ஒருநாள் வராதான்னு இருக்கும் என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். நான் மூன்று வாரம் எரிந்ததற்கே உன்னையும் உன் மாமியாரையும் கரித்துக் கொட்டினேன். அந்த மனுஷன் பதினாறு வருஷம் தினமும் தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டுப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து தோற்றிருக்கிறார்.

அதனால் நீ தாராளமாக உன் அத்தை எதிரிலேயே உட்கார்ந்துகொள். என் எதிர் நாற்காலி இனிமேல் காலி இல்லை. நீங்கள் இருவரும் எங்களிடம் ஷெட்டுக்குப் போகாமல் ஊர் திரும்ப மாட்டீர்கள், இதையும் அவரை அட்டையில் எழுதிக்கொள்ளச் சொல். மேலே எழுதிய வார்த்தைகளையெல்லாம் அவருக்குக் கொடு, நான் முழு மனசோடு கொடுக்கிறேன் என்று சொல், முக்கால் மனசுதான், ஆனால் முழு மனசு என்றே சொல். மருமகளைப் பட்டினி கிடக்காமல் வேலைக்குப் போகச் சொல். வரும்போது உன் அப்பாவுக்கு நல்ல கத்தரிக்கோல் ஒன்று வாங்கி வா, எட்டு அங்குலம், கனமானது. நீங்கள் எல்லோரும் நோய்நொடி இல்லாமல், மனஸ்தாபம் இல்லாமல், நூறு வயசு ஒன்றாக உட்கார்ந்து ஆட வேண்டும், எங்கள் ஆசி உங்களுக்கு எப்போதும் உண்டு.

மறக்காமல் ஒரு வரி பதில் போடு. அன்றைக்கு உன் அத்தை அந்தத் தண்ணீரைத் தாகத்துக்குத்தான் குடித்தார் என்று எழுது. எது உண்மையாக இருந்தாலும் தாகத்துக்கு என்றே எழுது.

இப்படிக்கு,
உன் அப்பாவின் ஜோடி,
அம்மா