வட்டம் விழாத தட்டு

3 பிப்ரவரி, திங்கள்
ஆண்டிமடம் பக்கம் முந்திரி பூத்துவிட்டது. நோயில்லாத பிள்ளைகளின் குடல் கிருமிகள் ஆன்டிபயாடிக் மருந்துக்குச் சாகின்றனவா என்று எங்கள் லேபில் ஆய்வு. அங்கன்வாடியில் மலம் வாங்கப் போனேன். டப்பாவை நீட்டிய பாப்பா கேட்டது: "திருப்பித் தருவீங்களா?" பஸ்ஸில் பூ வாசனை கூடவே வந்தது.

7 பிப்ரவரி
எங்கள் மகள் அபிநயாவையும் ஆய்வில் சேர்த்தாயிற்று. ஐந்து வயசு. அவளுக்கு ஒரே சிரிப்பு.

11 பிப்ரவரி, செவ்வாய்
லேபில் கிருமி வளர்க்கும் கண்ணாடித் தட்டு. முழுக்கக் கிருமி, பனி படிந்த கண்ணாடி மாதிரி. நடுநடுவே மருந்து வில்லைகள். மருந்து கேட்டால் வில்லையைச் சுற்றித் தெளிந்த வட்டம் விழும் — நிலா கோட்டை கட்டியதுபோல. பார்த்துக்கொண்டே இருக்கலாம்.
அபிநயாவின் தட்டில் பாதி வில்லைகளுக்கு வட்டமே இல்லை. பனி வில்லையை ஒட்டிப் படுத்துக் கிடந்தது.

12 பிப்ரவரி
வீட்டுக்காரரிடம் சொன்னேன். செந்துறையில் மெடிக்கல் ஷாப் வைத்திருப்பவர். "என் புள்ளைக்கு அந்த மருந்தெல்லாம் ஒரு நாளும் குடுத்ததில்லையே. எங்கேருந்து வந்துச்சு?"
தண்ணியா, கறியா, பக்கத்துப் பிள்ளையின் கையா? லேப் சாருக்கும் தெரியவில்லை. "இப்ப ஒண்ணும் செய்ய வேண்டாம்மா. நோய் வந்தா டாக்டர்கிட்ட இதைச் சொல்லுங்க" என்றார்.
உங்க கடையில ஊரெல்லாம் சீட்டு இல்லாம சும்மா வாங்கித் தின்ன மாத்திரைங்கதான் — சொல்ல வாய் வந்தது.

16 பிப்ரவரி, ஞாயிறு
மத்தியானம் கண்ணசந்தேன். கனவில் அபிநயாவின் வயிற்றுக்குள் கிருமிகளின் ஊர். தெருவெல்லாம் விளக்கு. யாரும் கெட்டவர்களாகத் தெரியவில்லை. வாசலில் உட்கார்ந்து, பூட்டுத் திறக்கும் வித்தையை ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

1 மார்ச்
லேபிலிருந்து வந்தால் பிள்ளைக்குக் காய்ச்சல். ஒண்ணுக்குப் போனா எரியுதுன்னு அழறா. அவர் கடையிலேருந்து ஒரு சிரப் எடுத்துக் குடுத்திருக்கார். எந்த மருந்துன்னு பாத்தேன். ஐயோ. தட்டுல வட்டம் விழாத மருந்து!
"ஏங்க, இது இவளுக்குக் கேக்காதுங்க."
"சின்னப் புள்ளைக்கு இதானே எல்லாரும் குடுக்கறது?" நடுங்கறா. அரியலூர் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பறோம்.

2 மார்ச்
தட்டைப் பற்றிச் சொன்னேன். டாக்டர் ஹேமலதா நிமிர்ந்தார். "நல்லவேளை சொன்னீங்க." சிறுநீரை டெஸ்டுக்கு அனுப்பிவிட்டு வேறு ஊசி ஆரம்பித்தார். வார்டு வாசலில் வீட்டுக்காரர் நின்றுகொண்டே இருந்தார். உட்காருங்க என்றேன். உட்காரவில்லை.

4 மார்ச்
டெஸ்டில் வந்தது தட்டில் பார்த்த அதே கிருமிதான். ஊசி கேட்டிருக்கிறது. காய்ச்சல் விட்டு உடம்பு குளிர்ந்திருக்கு. இட்லி கேட்டாள்!

23 மார்ச், ஞாயிறு
கடைக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். நல்லுசாமி அண்ணன் போர்வையோடு வந்து நின்றார். "காய்ச்சல் தம்பி. வழக்கமாக் குடுப்பியே, ரெண்டு கலர் மாத்திரை. அதுல நாலு குடு."
"அது டாக்டர் சீட்டு இல்லாமத் தரமாட்டேண்ணே."
"எனக்குமா?"
அவர் வண்டியை எடுத்தார். "ஏறுங்க. ஆஸ்பத்திரியில காட்டிட்டு வருவோம்."
என்னைப் பார்க்கவேயில்லை. அண்ணன் முணுமுணுத்துக்கொண்டே ஏறினார். வெயிலில் இரண்டு பேரும் சின்னதாகிக்கொண்டே போனார்கள். சோறு ஆறட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.