சந்திரலேகாவைச் சாட்சிக்குக் கூப்பிடவில்லை

சேரப்பணஞ்சேரி
14.8.2004

அன்புள்ள மகள் மெர்சிக்கு அம்மா ஞானம்மா எழுதுவது. கர்த்தர் கிருபையால் நாங்கள் நடமாடிக்கொண்டிருக்கிறோம், அப்பாவுக்கு இருமல் குறைந்திருக்கிறது, மஸ்கட்டில் உனக்கு நைட் டூட்டி மாற்றினார்களா, வேளைக்குச் சாப்பிடு. போனில் நீ தம்பியைக் கேட்டபோது வெளியே போயிருக்கிறான் என்றேன், அது பொய். அன்பு செங்கல்பட்டு ஜெயிலில் இருந்தான், போன வாரம்தான் ஜாமீனில் வந்தான். படப்பையில் அவன் வைத்திருந்த பிரவுசிங் சென்டருக்குப் பள்ளிப் பிள்ளைகளும் வருவார்கள் அல்லவா, வந்த இடத்தில் தமிழில் எழுதியிருக்கும் அசிங்கமான கதைகளைப் படித்திருக்கிறார்கள், படம்கூட இல்லை, வெறும் எழுத்து. பக்கத்து வீட்டு நரசிம்மன் மகள் சந்திரலேகா, பதினொன்றாவது, அவளும் படித்திருக்கிறாள். யாரோ சொல்லி நரசிம்மன் போலீசில் எழுதிக் கொடுத்துவிட்டார், கம்ப்யூட்டர்களோடு இவனையும் ஜீப்பில் ஏற்றிவிட்டார்கள். சின்னவர்களுக்கு அசிங்கமானதைக் கொடுத்தால் குற்றம் என்று பழைய சட்டத்திலேயே இருக்கிறதாம், கம்ப்யூட்டருக்கென்று புதுச் சட்டமும் வந்திருக்கிறதாம், எழுதினவன் எந்த தேசத்தில் இருக்கிறானோ, கடைக்காரன்தான் கைக்குக் கிடைத்தான் என்கிறார் வக்கீல் கோதண்டராமன். பிள்ளைகளைத் துரத்திவிட்டேன் என்று அன்பு சொல்கிறான், அதற்குச் சாட்சி வேண்டுமாம்.

பிள்ளைகளைக் காப்பாற்றத்தான் சட்டம், அதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் சந்திரலேகாவைப் பள்ளியை விட்டு நிறுத்தி மாப்பிள்ளை பார்க்கிறார்கள். நேற்று குழாயடியில் என் பக்கத்தில் வந்து நின்றவள், குடத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள், "அண்ணன் என்னத் திட்டி எழுப்பி வுட்டாரு பெரீம்மா, அவரு சாப்புடப் போனப்போ நான்தான் மறுபடியும் போயி குந்திகினேன், கோர்ட்டுல வேணா சொல்றேன்." அந்த ஒரு வார்த்தை போதும், தம்பி தப்பிவிடுவான். ஆனால் நாலு பேர் முன்னால் அதைத் தன் வாயால் சொல்லிவிட்டு அந்தப் பெண் இந்த ஊரில் எப்படித் தலைநிமிர்வாள். "யாராண்டயும் சொல்லாதம்மா, வூட்டுக்குப் போ" என்றேன். அன்புவிடம் சொன்னேன், அவனும் அவளைக் கூப்பிட வேண்டாம் என்று சொல்லிச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். இது தெரிந்ததிலிருந்து அப்பா என்னோடு பேசுவதில்லை. உனக்கும் கோபம் வரும், வரட்டும்.

லீவு போட்டு ஓடி வராதே. கர்த்தர் உன்னைக் கண்மணியைப் போலக் காக்கட்டும். அடுத்த மாதம் வாய்தா, அன்றைக்குத் தம்பிக்காக ஜெபம் பண்ணு, மறக்காமல் அந்தப் பெண்ணின் பேரையும் சேர்த்துக்கொள்.

உன் அம்மா
ஞானம்மா