தேன் பெட்டியின் காலடிக் கிண்ணங்கள்

ஐப்பசி 4, செவ்வாய்

விடாத தூறல். உறுவையாறு ஊர் முழுக்கக் கொசு. அம்மாவுக்கு இடுப்பு எலும்பு முறிந்து, பாகூரில் இருபது நாள் இருந்துவிட்டு நேற்றுதான் திரும்பினேன். கொல்லை புதராகிக் கிடக்கிறது. தேன் பெட்டி இரண்டும் நலம். பரங்கிக் கொடியில் நிறைய பூ.

பக்கத்து வீட்டில் கொழுந்தன் குமாரின் மகள் யாழினிக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். ஏழு வயது. இன்று கண் திறக்கவில்லை. மதியம் ஆட்டோவில் புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்கு. டெங்குவாம். அவள் அம்மா தேவி செருப்புகூடப் போடாமல் ஏறினாள்.

ஐப்பசி 5, புதன்

வெயில். கொட்டாங்குச்சி, டயர், உடைந்த குடம், எல்லாம் கவிழ்த்தாயிற்று. தொட்டிக்கு வலை கட்ட வேண்டும்.

காலை 7 மணி. ஆஸ்பத்திரியிலிருந்து துணி எடுக்க வந்த குமார், நெல்லுக்கு அடிக்கிற மருந்தை முதுகில் மாட்டிக்கொண்டு கொல்லைக்கு வந்தான். இப்போது தேனீ மேய்கிற நேரம், பூவில் அடிக்காதே, கொசு பூவில் முட்டை வைக்காது, தேங்கின தண்ணீரைத் தேடுவோம் என்று கெஞ்சினேன். அடித்தே தீருவாயென்றால் பொழுது சாயட்டும், பெட்டி வாசலை அடைத்துவைக்கிறேன் என்றேன்.

"எம் பொண்ணு அங்க சாவக் கெடக்குது. உங்களுக்கு ஈதான் பெருசா அண்ணி?"

வழிவிட்டேன்.

ஐப்பசி 6, வியாழன்

பெட்டிகளின் முன்னால் தரை கறுத்துக் கிடக்கிறது. செத்த தேனீ. நாக்கு வெளியே நீண்டபடி. ஒரு பெட்டியில் சத்தமே இல்லை. கொசு மட்டும் அப்படியே.

சுகாதாரத் துறைப் பெண் டார்ச்சோடு வந்தார். தொட்டி, மாடி எல்லாம் பார்த்துவிட்டு, கடைசியில் பெட்டித் தாங்கியின் அருகே குனிந்தார். எறும்பு ஏறாமலிருக்க ஒவ்வொரு காலுக்கும் கீழே ஒரு கிண்ணம் தண்ணீர். நான் வைத்தது. அத்தனையிலும் கொசுப்புழு நெளிகிறது.

"இன்னாம்மா, இங்கியே வளத்துனு இருக்கீங்க."

கொட்டிக் காட்டினார். சேதராப்பட்டுக் கம்பெனியில் ஷிப்டு முடிந்து வந்த என் வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை.

ஐப்பசி 8, சனி

யாழினி போய்விட்டாள். காலை 10 மணி.

ஸ்கூல் யூனிபார்ம் போட்டு அனுப்பினோம். தேவி அழவில்லை. சாக்ஸ் ஜோடி இல்லை என்று தேடிக்கொண்டே இருந்தாள்.

ஐப்பசி 12, புதன்

மேகமூட்டம். மிஞ்சிய பெட்டியின் கிண்ணங்களில் தண்ணீருக்குப் பதில் மெக்கானிக் கடைப் பழைய ஆயில். எறும்பும் ஏறாது, புழுவும் வைக்காது. முன்பே செய்திருக்கலாம்.

தேவி வேலிப்பக்கம் வந்து நின்றாள். சொல்லிவிட்டேன். கொசு எங்கே வேண்டுமானாலும் பிறந்திருக்கலாம், ஆனால் இங்கேயும் பிறந்தது, கிண்ணம் வைத்தது நான் என்று.

அவள் ஆயிலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியும்க்கா. நீ ஊர்ல இல்லாதப்ப தெனம் அதுல தண்ணி ஊத்துனது நான்தான். பழசக் கொட்டிட்டு ஊத்தணும்னு தெரியல."

ஊற்றச் சொல்லிவிட்டுப் போனது நான். கொட்டச் சொல்லவில்லை.

குமாருக்குத் தெரியுமா என்று கேட்டேன்.

"சொல்லாதக்கா."

உள்ளேயிருந்து குமார் கூப்பிட்டான். முகத்தைத் துடைத்துக்கொண்டு போனாள்.