சந்தனம் பூசிய மூடி

இன்று காலை மாம்பலத்தில் ஒரு கல்யாணம். வாசலில் நின்ற பெண் சந்தனக் கிண்ணத்தை நீட்டினாள். நான் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். என்ன மனுஷன் இவன் என்று நினைத்திருப்பாள். ஊருக்கெல்லாம் மணக்கிற சந்தனம் என் மூக்குக்கு மட்டும் தீய்ந்த என்ஜின் எண்ணெயாக நாறுகிறது. பந்தியில் உட்காராமலே வீட்டுக்கு வந்து உனக்கு இதை எழுத உட்கார்ந்தேன். நீ படிக்கப்போவதில்லை. உன்னை மண்ணில் வைத்து ஒரு மாதமாகிறது. நீ இருந்தபோது எழுதத் துப்பில்லாதவன் நான்.

அடையாற்றங்கரைத் தோட்டத்து டிராக்டரை நீ மறந்திருக்கமாட்டாய். இரும்புச் சக்கரம், மண்ணெண்ணெயில் ஓடும். இரண்டு பேர் மாறி மாறிக் கைப்பிடி சுற்றினால்தான் கிளம்பும் கிழம். நான் ஓட்டுகிறவன், நீ பழுது பார்க்கிறவன். யுத்த காலம், உதிரிச் சாமான் எதுவும் கிடைக்காது. தடித்த அட்டையை என்ஜின் மேல் வைத்து ஓரத்தைச் சுத்தியலால் தட்டித் தட்டியே, மூட்டுகளில் எண்ணெய் கசியாமல் அடைக்கும் கேஸ்கெட் வெட்டிவிடுவாய். சாந்தோமிலிருந்து சைக்கிளில் வந்து இறங்கியதும் முதல் வேலையாகச் சட்டையைக் கழற்றி மடித்து வைப்பாய். உன் மனைவி பள்ளிக்கூட டீச்சர். எண்ணெய்க் கறையோடு வீட்டுக்குள் விடமாட்டார்.

"வூட்லயும் அட்டெண்டன்ஸ் எடுப்பாங்களா நைனா?" என்று சீண்டுவேன்.

"எடுப்பாங்க. லேட்டா போனா வெளியதான் நிக்கணும்" என்று சிரிப்பாய்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு டிராக்டரை அலங்கரித்தது நான். முதலாளி மயிலாப்பூர் வக்கீல், பக்திமான். அவர் பார்க்கிறார் என்பதற்காகவே சந்தனத்தை வாரி வாரி அப்பினேன். என்ஜின் மேல் கவிழ்த்த கிண்ணம் போல ஒரு சின்ன மூடி, சுற்றிலும் ஓட்டை போட்டது, இருக்குமே. அதற்குத்தான் எல்லாவற்றையும்விடத் தடிப்பாக. உருண்டையாக, பொட்டு வைக்க வாகாக இருந்தது. முதலாளி கன்னத்தில் போட்டுக்கொண்டார். கிறிஸ்தவனான நீ ஓரமாக நின்று பொரியும் கடலையும் தின்றுகொண்டிருந்தாய்.

அதற்குப் பிறகுதான் எண்ணெய் குறைய ஆரம்பித்தது. ஷெட்டில் நிற்கும்போது ஒரு சொட்டு விழாது. உழவில் ஓடும்போது மட்டும் கசிந்து, புழுதியும் பூச்சியும் சாணமும் சேர்ந்து வண்டியின் வயிறெல்லாம் கறுப்புக் களியாக அப்பிக்கொள்ளும். மிச்சம் சேற்றோடு போகும். பர்மிட் இல்லாமல் எண்ணெய் வாங்க முடியாத காலம் அது. முதலாளி ஒரு நாள் ஷெட்டுக்கு வந்து தரையைச் சுற்றிப் பார்த்தார்.

"தரையில ஒரு சொட்டு காணோம். எண்ணெய் மட்டும் எப்படிக் குறையறது? மவுண்ட் ரோட்டுல கள்ள விலைக்கு வாங்க ஆள் இருக்காமே?"

உன்னைப் பார்த்துத்தான் கேட்டார். எண்ணெய் அறைச் சாவி உன் இடுப்பில்தான் இருந்தது. உன் காது மடல் சிவந்துபோனதை நான் பார்த்தேன். "ஞாயித்துக்கெழமை வரைக்கும் டயம் குடுங்க சார். எங்க போவுதுன்னு கண்ணுக்கு எதிரே காட்றேன்" என்றாய்.

சனிக்கிழமை முழுக்க வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்தாய். அந்தக் களியை நீ சுரண்டச் சுரண்ட அது உன் கழுத்திலும் வாயோரத்திலும் விழுந்தது. எனக்குப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. நீ துப்பிவிட்டு மறுபடி சுரண்டினாய். மண்ணெண்ணெய் விட்டு இரண்டு தடவை கழுவி, துடைத்து, காயவிட்டாய். உன் மனைவி பள்ளியிலிருந்து கொண்டுவந்த சாக்பீஸ் துண்டுகளை இடித்துத் தூளாக்கி ஒரு டப்பாவில் வைத்திருந்தாய். அதை என்ஜின் முழுக்கத் தூவி, என்னை உழச் சொன்னாய்.

"கீழ சொட்ற எடத்தப் பாக்காத. ஓடறப்போ காத்து எண்ணெயத் தள்ளிக்கினு பூடும். தூள் மொதல்ல எங்க நனையுது, அத்தப் பாரு."

அரை மணி உழுததும் குனிந்து பார்த்தோம். முன்பக்கம், விலாப்பக்கம், பின்பக்கம், மூன்று இடத்தில் நனைந்திருந்தது. நான் உன் அட்டைக் கேஸ்கெட்டைத்தான் குறை சொன்னேன். நீ கோபித்துக்கொள்ளவில்லை.

"மூணு கேஸ்கெட்டும் ஒரே வாரத்துல சாவாதுடா. இதுக்கு மூச்சு முட்டுது. என்ஜினுக்கும் மூச்சு விட வழி வேணும். அத்த அடைச்சா, எங்க சந்து கெடைக்குதோ அங்கல்லாம் எண்ணெயத் துப்பும்."

சொல்லிக்கொண்டே அந்தக் கிண்ண மூடியைத் தொட்டுப் பார்த்தாய். ஓட்டை ஒன்றுகூடத் தெரியவில்லை. என் சந்தனம் சூட்டில் காய்ந்து, எண்ணெயும் புழுதியும் ஊறி, ஓடாக இறுகிக் கிடந்தது. நகத்தால் ஒரு ஓரத்தை நீ பெயர்த்தபோது வந்த நாற்றம்தான் இன்று காலையும் வந்தது.

நீ என்னைத் திட்டியிருந்தால் தேவலை. "தொடாத. அப்பிடியே கெடக்கட்டும், மொதலாளி கண்ணால பாக்கட்டும்" என்றாய். பிறகு கொஞ்சம் யோசித்து, "ஆனா நீதான் சொல்லணும். நான் சொன்னா வேதக்காரன் சந்தனத்தப் பழிக்கிறான்னு பூடும். நீ சொன்னா, தெரியாம பூசிட்டான்னு பூடும்" என்றாய்.

"சொல்றேன் நைனா" என்றேன். சத்தியமாகச் சொல்லத்தான் நினைத்தேன்.

ஞாயிறு காலை நீ மாதா கோயிலில் பூசை முடித்துத்தான் வருவாய். நான் அதற்கு முன்பே ஷெட்டுக்குப் போனேன். பயம், வேறொன்றும் இல்லை. என்ஜினையே கெடுக்கப் பார்த்தாயா என்று முதலாளி கேட்பார், வண்டி கையைவிட்டுப் போகும் என்ற பயம். மூடியைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறவைத்தேன். ஒவ்வொரு ஓட்டையாக ஆணியால் குத்திச் சுத்தம் செய்தேன். துணியால் பளபளவென்று துடைத்து மாட்டினேன். இவ்வளவு அக்கறையாக நான் அந்த வண்டிக்கு எந்த வேலையும் செய்ததில்லை.

நீ வெள்ளைச் சட்டையோடு வந்தாய். முதலாளியும் வந்தார். நீ விஷயத்தைத் தொடங்கி, என் பக்கம் திரும்பிக் காத்திருந்தாய். நான் சக்கரத்தின் ஆணிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். வேறு வழியில்லாமல் நீயே போய் மூடியைக் கழற்றினாய். உன் கையில் அது புதுசு போல மின்னியது.

நீ என்னை ஒரே ஒரு தடவை பார்த்தாய்.

"சரி, தூளைப் போட்டு ஓட்டிக் காட்டுங்கோ" என்றார் முதலாளி. ஓட்டியதும் நான்தான். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை உழுது திரும்பினேன். சாக்பீஸ் தூள் எங்குமே நனையவில்லை. முதலாளி உன் முன்னால் கையை நீட்டி, "சாவியக் குடு" என்றார்.

அதற்குப் பிறகு எண்ணெய் குறையவே இல்லை. "பாத்தியா, திருடன் போனான், திருட்டும் நின்னுது" என்று முதலாளி என்னிடம் சொன்னபோது நான் தலையாட்டினேன். செய்ததைவிட அந்தத் தலையாட்டல்தான் எனக்கு அதிகமாகக் குமட்டுகிறது.

திருட்டுப் பட்டம் உனக்கு முன்னால் போய் நின்றது. எந்தப் பட்டறையும் உன்னைச் சேர்க்கவில்லை. லஸ் பக்கம் மரத்தடியில் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தாய். ஒரு தடவை எதிரே மாட்டிக்கொண்டேன். காற்றடித்துக்கொண்டிருந்த நீ அடித்து முடித்துவிட்டு, "டிராக்டர் நல்லா ஓடுதா?" என்றாய். "ஓடுது" என்று சொல்லிவிட்டு ஓடி வந்தேன். நீ யாரிடமும் என் பெயரைச் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். அது உன் பெரிய மனசு என்று சொல்லிக்கொண்டு, வெட்கமில்லாமல் நிம்மதியாக இருந்தேன்.

போன வாரம் உன் வீட்டுக்குப் போனேன். உன் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன், ஆணியால் குத்தியதுவரை.

"யாரோ மூடியச் சுத்தம் பண்ணிட்டாங்கன்னு அவரு சொன்னாரு. யாருன்னு எத்தனையோ தடவ கேட்டேன். வாயத் திறக்கல. பேரு சொல்ல முடியலன்னா அது பொய்யாத்தான் இருக்கும்னு நெனச்சுட்டேன்" என்றார். பிறகு, "சாகற வரைக்கும் நான் அவர நம்பலீங்க" என்றார்.

எழுந்து போய் வாசல் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.

உன்னை நான் அந்த ஷெட்டில் மட்டும்தான் திருடனாக்கினேன் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். இன்று காலை அந்தப் பெண் கிண்ணத்தை நீட்டியபோது, தொடுவதற்கு என்னிடம் இருந்தது அந்த மூடியில் சந்தனம் அப்பி, பிறகு அதைத் துடைத்து மறைத்த அதே விரல்தான்.