கிழக்கே சதுரக்கள்ளி வேலி

மல்லசமுத்திரம்,
ஐப்பசி 12

அம்மிணி தனப்பிரியாவுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், மழையும் குறைவில்லை. அந்த மெக்சிகோ வெயிலில் நீ எப்படி இருக்கிறாய் என்பதுதான் எங்கள் கவலை. இது என் கையெழுத்து, யாரும் எழுதித் தரவில்லை. முதியோர் வகுப்பில் சேர்ந்து ஏழு மாதம் ஆகிறது, இந்தக் கடிதத்துக்கு மூன்று நாள் ஆனது.

நீ போனில் சொன்னதை வேலிக்குப் போய்ப் பார்த்தேன். சதுரக்கள்ளியைக் கீறினால் பால் வடிகிறது, முள் ஜோடி ஜோடியாக நிற்கிறது. சப்பாத்திக்கள்ளியில் பால் இல்லை, பஞ்சுப் பொட்டு மாதிரி ஒன்றிலிருந்து முள் கொத்தாகக் கிளம்புகிறது. அதுதான் நீ ஆராய்ச்சிக்காகக் காடு காடாகத் தேடும் இனம், கடல் தாண்டி வந்தது என்றாய். சதுரக்கள்ளியோ ஆமணக்குக்கும் நம் குச்சிக்கிழங்கு மரவள்ளிக்கும் பங்காளியாம். இரண்டுக்கும் கள்ளி என்று பேர் வைத்து ஒரே குலத்தில் சேர்த்தது நாம்தான். கிழங்கு இலையைக் கிள்ளி உன் அம்மாவிடம் பாலைக் காட்டினேன், உங்களுக்கு வேறு வேலை இல்லையா என்றாள்.

அந்தச் சந்தோஷத்தில் நிலப் பத்திரத்தை எடுத்து நானே படித்தேன். "கிழக்கே சதுரக்கள்ளி வேலி" என்று இருக்கிறது. இதுவரை படித்துக் காட்டியவர்கள் எல்லாம் கள்ளி வேலி என்றுதான் சொன்னார்கள், நானும் கடைசியில் இருக்கும் சப்பாத்திக்கள்ளி வரைக்கும் உழுதுவந்தேன். சதுரக்கள்ளி அதற்கு முன்னாலேயே, நாம் உழும் காட்டுக்குள் நாலு தூராக நிற்கிறது. நடுவில் உள்ள இடம் நம் பங்காளி அர்த்தநாரியுடையது. நீ வீடு கட்ட நான் ஒதுக்கி வைத்ததும் அந்த இடம்தான், சாமி.

யாருக்கும் தெரியாது, பத்திரத்தை மூடி வையுங்கள் என்று உன் அண்ணன் குணசீலன் சொன்னான். இரண்டு நாள் மூடித்தான் வைத்தேன். பதினோரு வருடத்துக்கு முன் அர்த்தநாரி அந்த இடத்தைக் கேட்டபோது, ஊரார் முன்னால் அவனைப் பொய்யன் என்றவன் நான். அதிலிருந்து பேச்சு இல்லை. மூன்றாம் நாள் பத்திரத்தோடு அவன் வீட்டுக்குப் போனேன். அவனுக்கும் படிப்பு இல்லை, நான்தான் எழுத்துக் கூட்டிப் படித்துக் காட்டினேன். கேட்டு முடித்ததும், "ஏனுங்ணா, இந்த வயசுல படிச்சு என்னத்தக் கண்டீங்க, இருந்த நெலத்தத் தொலச்சுப்போட்டு நிக்கறீங்க" என்றான். பிறகு உள்ளே பார்த்துக் காப்பி வைக்கச் சொன்னான்.

அந்த இடத்தை உன்னைக் கேட்காமல் கொடுத்துவிட்டேன். முள் செடிகளை வெறுங்கையால் தொடாதே, நேரத்துக்குச் சாப்பிடு. மலை மேல் இருக்கிற சாமி உன்னைக் காக்கட்டும். கோபம் இருந்தால் கோபமாகவே எழுது. குணசீலன் படித்துக் காட்டினால் பாதியை விட்டுவிடுவான், இனி நானே முழுதும் படித்துக்கொள்வேன்.

உன் அப்பா,
சடையன்