பின் இருக்கை உள்ள கார்

டூரின், ஞாயிறு காலை

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? அம்மா நேரத்துக்குச் சாப்பிடுகிறாரா? எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை.

போன வாரம் என் மாடி வீட்டு எர்மெஸும் அவர் மனைவி ஓம்பிரெத்தாவும் கூரை திறக்கும் பழைய கார் வாங்கப் போனார்கள். நான் மெக்கானிக் என்பதால் என்னையும் அழைத்துப் போனார்கள். கடையில் சிவப்பு ஆல்ஃபா ஸ்பைடர் ஒன்றும் நீல ஃபியட் ஸ்பைடர் ஒன்றும் நின்றன. எர்மெஸ் ஆல்ஃபாவை விட்டு நகரவேயில்லை.

"நாப்பது வருஷ ஆசைம்மா. எது நல்ல வண்டி, நீயே சொல்லு மிரெல்லா."

"ஆல்ஃபாதான் ஒரு படி மேல," என்று உண்மையைச் சொன்னேன்.

ஓம்பிரெத்தா ஃபியட்டின் குட்டிப் பின் இருக்கையைத் தட்டினார். "அந்தச் சிவப்புல ரெண்டு பேருக்குத்தான் இடம். ஞாயித்துக்கிழமை நாம வெளிய போறப்ப இந்தப் பொண்ணை எங்க உக்கார வைப்பீங்க? டிக்கியிலயா?"

எர்மெஸ் என்னைப் பார்த்தார். பிறகு ஆல்ஃபாவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "நீலத்தையே குடுங்கப்பா," என்றார் கடைக்காரரிடம்.

நான் டயரைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

காய்ந்த மிளகாயும் என் கம்பளித் தொப்பியும் அனுப்புங்கள். நீங்களும் அம்மாவும் சேர்ந்திருக்கும் போட்டோ ஒன்றும் வையுங்கள், சுவர் காலியாக இருக்கிறது.

கீழே ஹாரன் அடிக்கிறார்கள், போகிறேன்.

உங்கள் மிரெல்லா