தோள்பட்டைப் பயிற்சி நாள்

இன்று காலை, ஹொல்ஸ்டெப்ரோ என்ற இந்த டேனிஷ் நகரில் என் சிகிச்சை அறைக்கு வந்த ஒரு தமிழ் அம்மாவின் முதுகில் நோவெண்ணெய் மணத்தது. இரண்டு தரம் கை கழுவியும் போகவில்லை. அந்த மணத்தோடுதான் நீ ஓல்போர்க்கில் வகுப்புக்கு வருவாய்.

நாம் இருவரும் ஏற்கெனவே பிசியோதெரபிஸ்டுகள். வேலை செய்துகொண்டே தசை, எலும்பு, மூட்டு நோவுகளுக்கான முதுகலைப் படிப்பில் சேர்ந்திருந்தோம். வகுப்பில் தமிழர் நாம் இருவர் மட்டுமே. நீ ஸ்கீவவிலிருந்து வருவாய், நான் இங்கிருந்து. நீ எல்லோரையும் நம்புவாய். எனக்கோ யாராவது 'ஒன்றுமில்லை' என்றால்தான் சந்தேகமே தொடங்கும்.

தோள்பட்டைப் பரிசோதனையைப் பழகிய அன்று, வழமையாகச் சேரும் டேனிஷ்காரியை விட்டுவிட்டு என் கட்டிலில் வந்து படுத்தாய். உன் இடது கையை உயர்த்தினேன், திருப்பினேன், என் கைக்கு எதிராகத் தள்ளச் சொன்னேன். நீ எண்ணெய் பூசிவந்த அந்தத் தோள் நோவு கூடவுமில்லை, குறையவுமில்லை. மூட்டிலோ தசையிலோ இருந்தால் அசைக்கும்போது ஏதாவது மாறும். உனக்கு மாறவில்லை. காற்சட்டை இடுப்பை நீ ஊசி குத்திச் சுருக்கியிருந்ததையும் கண்டேன்.

"மெலிஞ்சு போனியோ?"

"ஸ்லாப் அவ்," என்றாய். சும்மா இரு என்பதை நீ டேனிஷில்தான் சொல்வாய். "நாள் முழுக்க வயசு போன ஆக்களைப் பிடிச்சு நடத்திறன். நோகாமல் இருக்குமே?"

"டொக்டரிட்டப் போ. போகாட்டி நான் உன்னோட செய்முறைச் சோதினைக்குச் சோடி சேரமாட்டன்."

"நேற்றுப் படிச்ச வருத்தத்தை எல்லாம் என்ர உடம்பில தேடுறாய்!"

மூன்று வாரம் என்னோடு கதைக்கவில்லை. பஸ் தரிப்பில் கண்டால் மறுபக்கம் திரும்பினாய். படிப்பில் உன்னை முந்தத்தான் பயமுறுத்துகிறேன் என்று நினைக்கிறாயோ என்று அதையும் சந்தேகப்பட்டேன். பிறகு ஒரு பின்னேரம் தொலைபேசியில் கூப்பிட்டாய்.

"எடியே, தோளில ஒண்டுமில்லை. நுரையீரலில கட்டியாம், அந்த நோவுதான் தோளுக்கு வருதாம். அழாதை. நீ சரியாத்தான் பிடிச்சனி," என்றாய்.

சிகிச்சைகளுக்கிடையே என் வகுப்புக் குறிப்புகளை வாங்கி வாசித்தாய். நான் கடைசிப் பரீட்சைக்குப் போனபோது நீ இல்லை.

நல்லடக்கத்தன்று, தேவாலய வாசலில் உன் கணவர் சொன்னார்: "அந்தத் தோள்பட்டை வகுப்புக்குக் கனநாளைக்கு முந்தியே அவ நுரையீரல் கட்டியைப் பற்றித்தான் தேடித் தேடி வாசிச்சவ, தங்கச்சி. கேட்டால் படிப்புக்கு எண்டுவா."

அன்றிலிருந்து உன்மேலும் சந்தேகம். உனக்கு முன்பே தெரிந்திருந்ததா? உன் பேச்சை நம்பாத ஒருத்தி வேண்டுமென்றுதான் என்னைத் தேடி வந்தாயா? அப்படியென்றால் ஏன் கோபித்துக்கொண்டாய்? சில நாள் உன்மேல் ஆத்திரம் வருகிறது. யாரிடம் கேட்பது?

இப்போது பட்டம் கையில் இருக்கிறது. நோயாளிகளை வீணாகக் கலங்கடிக்கிறேன் என்று கூட வேலை செய்பவர்கள் குறைப்படுகிறார்கள். பெரும்பாலும் என் சந்தேகம் பிழையாகத்தான் போகிறது. அதில் எனக்கு நிம்மதியே. ஆனாலும் உன்னிடம் கேட்கத் தவறிய ஒன்றை எல்லோரிடமும் கேட்கிறேன்: "இது என்னவா இருக்குமெண்டு பயப்பிடுறியள்?"

சிலர் சிரிப்பார்கள். சிலர் நிலத்தைப் பார்ப்பார்கள். நிலத்தைப் பார்ப்பவர்கள் வாய் திறக்கும்வரை நான் அவர்களைத் தொடுவதில்லை.